கெஜத்துக்கு ஓர் அங்குலம்: பொம்மை அம்பாசடரை அளவு மாதிரியாக மாற்றுவது பற்றி

அடையாறு அளவுகோல் (சென்னை)

அனைவருக்கும் வணக்கம். என் தந்தையார் அரசுத் துறை ஒன்றில் ஓட்டுநராக இருந்து ஓய்வு பெற்றவர். பணிக்காலத்தின் பெரும்பகுதி அவர் கையில் இருந்தது ஒரு வெள்ளை அம்பாசடர் மார்க் 4. அந்தக் காரைச் சிறு மாதிரியாகச் செய்து அவர் மேசையில் வைக்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. இதற்கு முன் 1:24 அளவில் இரண்டு ஜப்பானிய கிட்களைக் கட்டியிருக்கிறேன். அம்பாசடருக்கு அப்படியொரு கிட் என் கையில் அகப்படாததால், பாரிமுனைக் கடை ஒன்றில், பின்னுக்கு இழுத்து விட்டால் ஓடும் பொம்மை அம்பாசடரை வாங்கி அதையே திருத்தத் தொடங்கினேன்.

வெர்னியர் காலிப்பரால் அளந்ததில் முன் சக்கர மையத்திலிருந்து பின் சக்கர மையம் வரை 68 மி.மீ., நீளம் 121 மி.மீ., அகலம் 49 மி.மீ. இருந்தன. ஸ்பிரிங் மோட்டாரைக் கழற்றி எறிந்தேன்; அச்சிட்ட எழுத்துகளை அகற்றி, பட்டி பார்த்து, வாட்டர் பேப்பர் போட்டு, ப்ரைமர் அடித்து, கார் வண்ணக் கடையில் கலந்து வாங்கிய என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) லேக்கர் வெள்ளையை ஏர்பிரஷ்ஷில் அடித்தேன். வெளியே மழை பெய்துகொண்டிருந்த ஒரு கார்த்திகை மாலை அது. அடித்து முடித்தபோது கண்ணாடி போல மின்னிய கூரை, கால் மணி நேரத்தில் சுண்ணாம்பு அடித்த சுவராக மாறிவிட்டது. என்ன பிழை செய்தேன் என்பதையும், இந்தப் பொம்மையின் அளவு விகிதம் எது என்பதையும், எதையெல்லாம் மாற்றினால் இது பொம்மைத்தனத்தை விட்டு வெளியே வரும் என்பதையும் அறிந்தவர்கள் கூற வேண்டுகிறேன்.

கோவைப் பட்டறை (கோயம்புத்தூர்)

தம்பி, வண்ணத்தில் உங்கள் பிழை ஏதும் இல்லை; நாளைத்தான் தவறாகத் தேர்ந்துவிட்டீர்கள். முப்பது ஆண்டுகளாக டிங்கரிங், பெயிண்டிங் பட்டறை நடத்துகிறேன். மழை நாளில் என்.சி. அடித்துக் கெடுத்த கதவுகள் எங்களிடமும் உண்டு.

தின்னர் மிக வேகமாக ஆவியாகும் பொருள். ஆவியாகும்போது அது பரப்பின் சூட்டைத் தன்னுடன் எடுத்துச் சென்றுவிடுவதால், வண்ணப் படலம் சுற்றியுள்ள காற்றைவிடக் குளிர்ந்துபோகிறது. காற்றில் ஈரம் நிறைந்திருந்தால், குளிர்ந்த செம்பின் வெளிப்புறத்தில் நீர் துளிர்ப்பது போல அந்த ஈரம் வண்ணத்தின் மேல் படிந்து, காயாத படலத்துக்குள் சிக்கிக்கொள்கிறது. கறுப்புக் காராக இருந்தால் சாம்பல் பூத்தது போலப் பளிச்செனத் தெரியும். வெள்ளை என்பதால் பளபளப்பு செத்தது போல மட்டும் தெரிகிறது. வண்ணக்காரர்கள் இதைப் பிளஷிங் என்பார்கள்.

உரித்து எடுக்க வேண்டியதில்லை. காற்று உலர்ந்திருக்கும் ஒரு நண்பகலில், ரிட்டார்டர் (காய்வதைத் தாமதப்படுத்தும் திரவம்) கலந்த தின்னரை மட்டும் பனி படிவது போல மெல்லிதாக ஒருமுறை தூவுங்கள். படலம் மீண்டும் இளகி, உள்ளே சிக்கிய ஈரம் வெளியேறிவிடும். அதிகமாக ஊற்றினால் பட்டி பார்த்த இடங்கள் பள்ளமாகத் தெரியும். பொம்மையின் பிளாஸ்டிக் வரை தின்னர் இறங்கினால் பரப்பெல்லாம் நுண்விரிசல் கண்டுவிடும். கார்த் தகரத்துக்குச் செய்த தின்னர் பிளாஸ்டிக்குக்கு இரக்கம் காட்டாது.

சிங்கை24 (சிங்கப்பூர்)

இங்கு ஆண்டு முழுவதும் அதே ஈரம்தான் என்பதால் ஒரு வழக்கத்தை வைத்திருக்கிறேன். வண்ணம் அடிப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பே குளிரூட்டியை உலர் நிலையில் ஓடவிட்டு அறையின் ஈரத்தை இறக்கிவிடுவேன். கம்ப்ரஸரிலிருந்து வரும் குழாயில் ஈரம் பிடிக்கும் வடிகட்டியைக் கட்டாயம் பொருத்துவேன். வேகமான தின்னருக்குப் பதிலாக, ரிட்டார்டர் முன்பே கலந்து வரும் மிஸ்டர் கலர் லெவலிங் தின்னரைப் பயன்படுத்துவேன். மெதுவாகக் காய்வதால் படலம் தானே சமமாகப் பரவிக்கொள்ளும். அடித்த உடலைப் பழம் உலர்த்தும் மின்பெட்டியில் 40 பாகை சூட்டில் வைத்தால் தூசி படியாமல் காய்கிறது. அதற்கு மேல் சூட்டை ஏற்ற வேண்டாம். மெல்லிய கூரைத் தூண்கள் வளைந்துபோகக்கூடும்.

எல்லாவற்றுக்கும் முன் ஒரு கேள்வி. அந்தப் பொம்மை எந்தப் பிளாஸ்டிக் என்று பார்த்தீர்களா? மலிவான பொம்மைகள் சில பாலிபுரோப்பிலீனில் வருகின்றன. அதன் மேல் எந்த வண்ணமும் நிலைக்காது, எந்தப் பசையும் ஒட்டாது. உட்புறத்தில் சிறு துண்டை நறுக்கி ஒரு குவளைத் தண்ணீரில் போட்டுப் பாருங்கள். மிதந்தால் பாலிபுரோப்பிலீன், அந்தப் பொம்மையைப் பக்கத்து வீட்டுக் குழந்தைக்குக் கொடுத்துவிடுங்கள். மூழ்கினால் பெரும்பாலும் ஏ.பி.எஸ். அல்லது பாலிஸ்டைரீனாக இருக்கும். துணிந்து வேலை செய்யலாம்.

அடையாறு அளவுகோல் (சென்னை)

மூழ்கியது! நகம் அளவுத் துண்டு குவளையின் அடியில் போய்ப் படுத்ததைக் கண்டு இவ்வளவு மகிழ்வேன் என்று நான் நினைக்கவில்லை.

நுண்நோக்கி (மதுரை)

அளவு விகிதத்தைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அம்பாசடரின் சக்கர மைய இடைவெளி 2464 மி.மீ., நீளம் 4325 மி.மீ., அகலம் 1662 மி.மீ. உங்கள் 68 மி.மீட்டரைக் கொண்டு வகுத்தால் 36.2 வருகிறது; நீளத்தைக் கொண்டு வகுத்தால் 35.7, அகலத்தைக் கொண்டு வகுத்தாலோ 33.9. ஆக, பொம்மை செய்தவர் சக்கரங்களை 1:36 கணக்கில் வைத்துவிட்டு உடலைப் பக்கவாட்டில் ஊதிவிட்டிருக்கிறார். 1:36 கணக்கில் அகலம் 46.2 மி.மீ. இருக்க வேண்டும். கூடுதலாக உள்ள 2.8 மி.மீ. உண்மைக் காரில் 10 செ.மீ. ஆகிறது.

இப்படி அடிப்படையே பிழையான உடலில் உழைப்பைக் கொட்டுவதைவிட, கணினியில் வரைந்து முப்பரிமாண அச்சில் ரெசின் உடலாக எடுத்துக்கொள்வதே முறை என்பது என் கருத்து. பொம்மையைத் திருத்தலாம், அது திருந்திய பொம்மையாகத்தான் இருக்கும்.

கோவைப் பட்டறை (கோயம்புத்தூர்)

1:36 என்றால் கெஜத்துக்கு ஓர் அங்குலம். துணிக்கடைக் கணக்கில் வளர்ந்த எனக்கு இதைவிட எளிய விகிதம் கிடையாது. 36 அங்குலம் ஒரு கெஜம். காரில் ஒரு கெஜம் உள்ள இடமெல்லாம் மாதிரியில் ஓர் அங்குலம்.

அகலத்தைப் பற்றி நுண்நோக்கி ஐயா கூறுவது கணக்கில் சரி. ஆனால் உடலை நடுவே அறுத்து 3 மி.மீட்டரை எடுத்தால் கிரில், பானெட் மேடு, பின் கண்ணாடி மூன்றும் சிதையும். அந்த மூன்றும்தானே அம்பாசடரின் முகம்? அகலத்தை அப்படியே விட்டுவிடுங்கள். மேசையில் நிற்கும் காரைப் பார்ப்பவர் கண் முதலில் போவது சக்கரத்துக்கும் மட்கார்டுக்கும் இடையே உள்ள இடைவெளிக்கும், கார் தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்பதற்கும்தான். பொம்மைகள் எல்லாம் ஜீப் போல எழும்பி நிற்கும். அம்பாசடரின் பின்புறத்தில் இலை ஸ்பிரிங். ஆள் இல்லாதபோது சற்றே எழும்பி நிற்கும், மூன்று பேர் ஏறினால் அமுங்கிவிடும். அந்த நிலையைப் பிடித்துவிட்டால் 10 செ.மீ. அகலத்தை ஒருவரும் கேட்க மாட்டார்.

சிங்கை24 (சிங்கப்பூர்)

நுண்நோக்கி அவர்களுக்கு: முப்பரிமாண அச்சைப் பழிக்கவில்லை, நானும் சக்கரங்களை அதில்தான் எடுக்கிறேன். ஆனால் அச்சு இயந்திரம் நாம் கொடுத்த அளவை மட்டுமே அச்சிடும். அம்பாசடரின் கூரை வளைவை அளந்தவர் நம்மில் யார்? மாதிரி கிட்கள் செய்யும் ஜப்பானிய டமியா நிறுவனத்தின் ஷுன்சாகு டமியா, 1:12 அளவில் போர்ஷே 934 மாதிரியைச் செய்வதற்காக ஒரு போர்ஷே 911 காரையே விலைக்கு வாங்கிப் பிரித்துப் பார்த்தார்; அந்த மாதிரி 1976இல் வெளிவந்தது. அவ்வளவு தூரம் போக வேண்டாம், ஓர் உண்மையான அம்பாசடரின் முன் நாடாவுடன் அரை மணி நேரம் நின்றாலே போதும். அதைச் செய்யாமல் வரையும் கணினி வரைபடம், பொம்மை செய்தவரின் கைக்கணக்கைவிட எவ்விதத்திலும் உயர்ந்ததாகாது.

தவிர, 0.05 மி.மீ. அடுக்குகளாக அச்சிட்டாலும் 1:36 கணக்கில் ஒவ்வோர் அடுக்கும் உண்மைக் காரில் 1.8 மி.மீ. படி. அந்தப் படிகளைத் தேய்த்து மறைக்கும்போது வளைவுகளின் கூர்மையும் சேர்ந்து தேய்ந்துவிடும்.

சிற்றுளி (கும்பகோணம்)

உரையாடலைத் தொடக்கத்திலிருந்து படித்தேன். தஞ்சாவூர் ஓவியம் என் தொழில், சிறு கார்கள் என் பொழுதுபோக்கு. பொம்மையைப் பொம்மையாகக் காட்டுவது விவரக் குறைவு அன்று, தடிமன். இதை எண்களாலேயே காட்டலாம்.

கதவைச் சுற்றியுள்ள கோடு உங்கள் பொம்மையில் அரை மி.மீ. இருக்குமானால், அது உண்மைக் காரில் 18 மி.மீ.; விரலே நுழையும் இடைவெளி அது. உண்மையில் 5 மி.மீ. என்று வைத்துக்கொண்டால் மாதிரியில் 0.14 மி.மீ. போதும். எனவே பழைய கோட்டைப் பட்டியால் அடைத்துவிட்டு, பிளேடின் முதுகால் புதிய கோட்டைக் கீறுங்கள். பிளேடின் முனையால் கீறினால் பிளாஸ்டிக் இருபுறமும் மேடாக ஒதுங்கும். முதுகால் இழுத்தால் சுருளாகச் சீவிக்கொண்டு வரும். கோடு நேராக வர, தகட்டு எழுத்து அச்சிடும் ஒட்டுநாடாவை இரண்டு மடிப்பாக ஒட்டி விளிம்பாகப் பயன்படுத்தலாம்.

கண்ணாடியும் அப்படியே. பொம்மைக் கண்ணாடி ஒன்றரை மி.மீ. தடிமன், உண்மைக் கணக்கில் 54 மி.மீ. குண்டு துளைக்காத காருக்குத்தான் அது பொருந்தும்! எழுதுபொருள் கடையில் கிடைக்கும் 0.1 மி.மீ. ஓ.எச்.பி. தாளை (ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் தாள்) வெட்டிப் பொருத்தினால் 3.6 மி.மீ. ஆகிறது, ஏறத்தாழ உண்மையான கண்ணாடி. ஆனால் அதைச் சூப்பர் கிளூவால் ஒட்டாதீர்கள். அதன் ஆவி கண்ணாடியில் வெள்ளையாகப் படிந்து, துடைத்தாலும் போகாது. வெள்ளைப் பசையான ஃபெவிகாலை ஊசி முனையில் தொட்டு வைத்தால், காய்ந்ததும் நிறமற்றுப் போகும்.

இதில் தப்ப முடியாத ஒரு பொருள் வண்ணம். உண்மைக் காரிலும் வண்ணப் படலம் ஏறத்தாழ 0.1 மி.மீ.தான், மாதிரியிலும் நாம் அடிப்பது ஏறத்தாழ அதே. கார் 36 மடங்கு சிறுத்தது, வண்ணம் சிறுக்கவில்லை. ஆகவேதான் பட்டி, ப்ரைமர், வண்ணம், கிளியர் (நிறமற்ற மேல்பூச்சு) என்று அடுக்கும்போது நீங்கள் கீறிய 0.14 மி.மீ. கோடு நிரம்பி மறைந்துபோகிறது. கோட்டை அகலப்படுத்தாமல் ஆழப்படுத்துங்கள். ஒவ்வொரு பூச்சுக்கும் பின் அதில் பிளேடை ஒருமுறை ஓட்டுங்கள்.

நுண்நோக்கி (மதுரை)

கூரை அளவு பற்றிய வாதத்தை ஏற்கிறேன். என்னிடமும் அந்த அளவு இல்லை.

எனினும் எந்த ஆண்டின் கார் என்பதை அடையாறு நண்பர் முதலில் உறுதிசெய்துகொள்ள வேண்டும். அம்பாசடர், மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் வரிசையிலிருந்து பிறந்து, 2014 மே மாதம் மேற்கு வங்கத்தின் உத்தரபாரா ஆலையில் உற்பத்தி நின்றுபோகும் வரை ஒரே உடலுடன் வந்தது என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். முகம் ஒவ்வொரு மார்க்கிலும் மாறியிருக்கிறது. 1979இல் வந்த மார்க் 4இல்தான் கிரில் சிறுத்து, சதுர பார்க் விளக்கும் தனி இண்டிகேட்டரும் வந்தன. கடைப் பொம்மைகளில் பல பிற்கால முகத்தைத் தாங்கியவை. மார்க் 4 என்று பெயர் சொல்லிவிட்டு அதற்குப் பின் வந்த அம்பாசடர் நோவாவின் கிரில்லை வைத்தால், தந்தையார் கண்டுபிடித்துவிடுவார். பதிவுத் தகடும் அவ்வாறே. 1980களின் தனியார் காரென்றால் கறுப்புத் தகட்டில் வெள்ளை எழுத்து. அரசுக் காரென்றால் தமிழக வழக்கப்படி 'அ' என்ற எழுத்தும் வேண்டும். எந்த ஆண்டை நிறுத்திக் காட்டப் போகிறீர்களோ, அந்த ஆண்டின் ஒளிப்படம் ஒன்றைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

அடையாறு அளவுகோல் (சென்னை)

கோவை அண்ணன் கூறியபடி, வெயில் தலைகாட்டிய ஒரு நாள் பிற்பகல் இரண்டு மணிக்கு ரிட்டார்டர் தின்னரைத் தூவினேன். கூரை மெல்ல மெல்லத் தெளிந்துவந்ததைப் பார்த்தபோது, ஆவி படிந்த மூக்குக்கண்ணாடி தானாகவே தெளிவது போல இருந்தது. வலது பின் மட்கார்டில் மட்டும் கை கனத்துவிட்டதால், பட்டியின் ஓரம் வட்டமாக எழும்பிவிட்டது. 1000 எண் வாட்டர் பேப்பரில் தேய்த்து அந்த இடத்தை மட்டும் மீண்டும் அடித்தேன்.

பிறகு சைதாப்பேட்டையில் ஒரு கொட்டகையில் நிற்கும் பழைய அம்பாசடரை, உரிமையாளரின் அனுமதியுடன் நாடா கொண்டு அளந்தேன். அங்கு நின்றபோதுதான் சில செய்திகள் புலப்பட்டன. முன் பம்பருக்கும் உடலுக்கும் இடையே கை நுழையும் இடைவெளி இருக்கிறது. பொம்மையில் பம்பர் உடலோடு ஒட்டிக்கிடக்கிறது. மழைநீர் வடியும் கூரைக் காடி, கதவுகளுக்கு மேல் தனி விளிம்பாக நீட்டிக்கொண்டிருக்கிறது. பொம்மையில் அது வெறும் மேடு. பம்பரைச் சீவி எடுத்து, பின்புறம் இரு குண்டூசித் துண்டுகளைத் தாங்கியாக வைத்து 2 மி.மீ. முன்னே தள்ளினேன். கூரைக் காடிக்கு 0.3 மி.மீ. பிளாஸ்டிக் பட்டையை வளைத்து ஒட்டினேன். இந்த இரண்டு வேலைக்கு மூன்று மாலைகள் ஆயின. கார் அதன் பிறகுதான் அம்பாசடரைப் போல என்னைத் திரும்பிப் பார்த்தது.

சக்கரங்கள் குறித்து ஒரு யோசனை வேண்டும். அம்பாசடரின் பழைய 5.90-15 டயரின் விட்டம் 1:36 கணக்கில் ஏறத்தாழ 18.5 மி.மீ. வருகிறது. பொம்மைச் சக்கரமோ 21 மி.மீ.

கோவைப் பட்டறை (கோயம்புத்தூர்)

குழாய்ச் சாமான் விற்கும் கடையில் ஓ-ரிங் கேளுங்கள். வெளிவிட்டம் 18 அல்லது 19 மி.மீ. உள்ளதாக நான்கு பொறுக்கி எடுங்கள். பக்கவாட்டைச் சற்றுத் தேய்த்துத் தட்டையாக்கினால் டயர் ஆகிவிடும். டயருக்கு உள்ளே இருக்கும் சக்கர வட்டத்துக்கு 11 மி.மீ. அளவில் பிளாஸ்டிக் தட்டு. அதன் நடுவே ஹப் கேப் வேண்டுமானால், தையற்கடையில் ஜாக்கெட்டுக்கு வைக்கும் பிரஸ் பட்டனின் குமிழ்ப் பாதியை வைத்துப் பாருங்கள். நிக்கல் பூச்சு ஏற்கெனவே இருக்கிறது. வேறு எந்தக் குரோம் வண்ணமும் அவ்வளவு உண்மையாக இராது. என் மனைவியின் தையல் பெட்டியிலிருந்து எட்டுப் பட்டன்கள் இப்படிப் போயிருக்கின்றன, அது வேறு கதை.

சிற்றுளி (கும்பகோணம்)

குரோம் பற்றிப் பேச்சு வந்துவிட்டதால் இதையும் சேர்த்துவிடுகிறேன். பொம்மையின் பம்பரில் உள்ள மின்னும் பூச்சு மிகவும் தடிப்பாகவும் மஞ்சளோடியும் இருந்தால், குளியலறை கழுவும் ஹைப்போகுளோரைட் திரவத்தில் அரை மணி நேரம் ஊறவிடுங்கள்; பூச்சு கரைந்து வெறும் பிளாஸ்டிக் வந்துவிடும். கையுறை அணிந்து, சன்னலைத் திறந்து வைத்துச் செய்யுங்கள். அமிலம் கலந்த வேறெந்தக் கழுவுநீரும் அருகில் இருக்கக் கூடாது.

அதன் பிறகு, விளக்கு வளையம், சன்னல் விளிம்பு ஆகிய மெல்லிய குரோம் கோடுகளுக்கு வண்ணத்தைவிட உலோகத் தாளே சிறந்தது. பேர் மெட்டல் ஃபாயில் கிடைத்தால் நன்று; இல்லையேல் சமையலறை அலுமினியத் தாளின் மங்கிய புறத்தில் மெல்லிய பசை தடவி, அது ஒட்டும் பதத்துக்கு வரும்வரை காத்திருந்து ஒட்டலாம். தங்கத் தாள் ஒட்டிப் பழகிய கை எனக்கு இதில் உதவியது. தாளை இழுத்து ஒட்டக் கூடாது. மேலே வைத்துவிட்டு, பல் குத்தும் குச்சியின் முனையில் பஞ்சு சுற்றி, நடுவிலிருந்து ஓரத்துக்குத் தேய்த்துக்கொண்டே போக வேண்டும். மேட்டின் வடிவம் தாளில் எழும்பிய பிறகு, புதிய பிளேடால் ஓரத்தை நறுக்குங்கள். பழைய பிளேடு தாளைக் கிழிக்கும், நறுக்காது. ஒரு காருக்கு ஐந்து பிளேடு என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். அதில் சிக்கனம் பார்த்துக் கெடுத்தது நிறைய.

சிங்கை24 (சிங்கப்பூர்)

வெள்ளையின் மேல் கிளியர் அடிக்கப் போகிறீர்களா? கார்ப் பட்டறைகளின் இரு கூட்டு கிளியர் மிக நன்றாக மின்னும் என்று பலர் பரிந்துரைப்பார்கள். அதன் கடினமாக்கியில் ஐசோசயனேட் இருக்கிறது. துணி முகமூடியும் மருத்துவ முகமூடியும் அதைத் தடுக்கா. மூடிய அறையில் அடிப்பது நுரையீரலுக்கு நிரந்தரக் கேட்டைத் தரக்கூடியது.

அதைவிட முக்கியமான கேள்வி, இந்தக் கார் எவ்வளவு மின்ன வேண்டும் என்பது. 1:36 அளவில் கண்ணாடிப் பளபளப்பு பீங்கான் பொம்மையைத்தான் நினைவூட்டும். ஒரு கெஜத் தொலைவில் வைத்து மாதிரியைப் பார்ப்பது, உண்மைக் காரை 36 கெஜத்துக்கு அப்பால் நின்று பார்ப்பதற்குச் சமம். அவ்வளவு தொலைவில் எந்த வெள்ளையும் தூய வெள்ளையாகத் தெரியாது. வெள்ளையில் ஒரு துளி சாம்பலும் அரைத் துளி காவியும் கலந்து, பளபளப்பைப் பாதியாகக் குறைத்து முடிப்பதே என் வழக்கம்.

கோவைப் பட்டறை (கோயம்புத்தூர்)

இங்குதான் எனக்கு ஒப்புதல் இல்லை. அரசுக் கார் ஓட்டுநர்களை எனக்குத் தெரியும். காலை ஏழு மணிக்கு ஒரு வாளித் தண்ணீரும் பழைய துணியும் எடுத்துக்கொண்டு, அதிகாரி வருவதற்குள் காரைத் துடைத்துத் துடைத்தே அதன் வண்ணத்தைத் தேய்த்தவர்கள் அவர்கள். அந்தக் காரை மங்கலாகச் செய்து ஓர் ஓட்டுநரின் மேசையில் வைப்பது, அவர் வேலையைச் சரியாகச் செய்யவில்லை என்று சொல்வது போல ஆகிவிடும். மின்னட்டும்!

நுண்நோக்கி (மதுரை)

இருவர் கூறுவதும் ஒரே காரில் இருக்க முடியும். மரத்தடியில் நாள் முழுதும் நின்ற காரில் கூரையும் பானெட்டின் மேற்பரப்பும் டிக்கியின் மேற்புறமும் வெயிலில் வெளுத்து மங்கும். கதவுகளும் மட்கார்டுகளும் செங்குத்தாக இருப்பதால் பளபளப்பை நெடுநாள் காத்துக்கொள்ளும். முழு உடலையும் ஒரே அளவில் மின்ன வைப்பதும் மங்க வைப்பதும் பிழை. 2000 எண் தாளில் தேய்த்த பிறகு, ரப்பிங் காம்பவுண்டை எங்கே எத்தனை முறை போடுகிறீர்கள் என்பதிலேயே இந்த வேறுபாட்டைக் கொண்டுவரலாம். கதவுகளுக்கு மூன்று முறை, பானெட்டுக்கு இரண்டு, கூரைக்கு ஒருமுறை என்பது போல. தனியாக மங்கல் வண்ணம் தேவைப்படாது.

சிற்றுளி (கும்பகோணம்)

நுண்நோக்கி அவர்களின் இந்தக் குறிப்பு ஒன்றுக்காகவே இந்த இழையைச் சேமித்து வைத்துக்கொள்கிறேன்.

உட்புறத்தை மறந்துவிட வேண்டாம். 0.1 மி.மீ. கண்ணாடி வைத்த பிறகு உள்ளே எல்லாம் தெரியும். ஸ்டீரிங் தண்டிலேயே இருக்கும் கியர் கம்பி, முன்னால் ஒரே நீள இருக்கை, டாஷ்போர்டில் சிறு மின்விசிறி. எல்லாவற்றுக்கும் மேலாக, பின் இருக்கையில் வெள்ளைத் துவாலை. இரண்டரை அடிக்கு ஐந்தடித் துவாலை என்றால் 21க்கு 42 மி.மீ. முகம் துடைக்கும் மெல்லிய தாளின் ஒரே ஓர் அடுக்கைப் பிரித்து எடுத்து, நீர் கலந்த ஃபெவிகாலில் நனைத்து, இருக்கையின் மேல் போர்த்தி, ஈரம் இருக்கும்போதே பழைய பல்துலக்கியால் மெல்லக் குத்துங்கள். துவாலையின் பூம்பரப்பு அப்படியே எழும்பும். கூரையில் சிவப்புச் சுழல்விளக்கு வைப்பதாக இருந்தால், அது 2017 மே 1க்கு முந்திய காராக இருக்க வேண்டும் என்பதையும், எல்லா அதிகாரிகளுக்கும் அது இருந்ததில்லை என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

அடையாறு அளவுகோல் (சென்னை)

சுழல்விளக்கு இல்லை, அவர் ஓட்டியது அவ்வளவு பெரிய அதிகாரிக்கு அன்று.

கார் முடிந்தது. நேற்று மாலை கொண்டுபோய்க் கொடுத்தேன். அப்பா மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, காரைக் கையில் எடுக்காமல் மேசையைச் சுற்றி வந்து பார்த்தார். பம்பர் இடைவெளியைத் தொட்டுப் பார்த்து, "துணி இதுக்குள்ளதான் மாட்டிக்கும்" என்றார். கூரை மங்கலையும் கதவின் மினுக்கத்தையும் பற்றி எதுவும் கூறவில்லை. ஆனால் கதவின் மேல் விரலை ஒருமுறை ஓட்டினார். தகட்டில் நான் ஒன்றரை மி.மீ. உயரத்தில் எழுதிய 'அ' எழுத்தை வாசித்துவிட்டார். பிறகு குனிந்து பின் சன்னல் வழியே நெடுநேரம் பார்த்துவிட்டு இரண்டு பிழைகளைக் கூறினார். அவர் காரில் பின்னால் வருவதைப் பார்க்கும் இடப்பக்கக் கண்ணாடியே கிடையாதாம், வலப்பக்கம் மட்டுமே இருந்ததாம். அதைச் சாமணத்தால் பறித்துவிட்டேன். மற்றது, துவாலை. நான் அதை இருக்கையின் நடுவே போர்த்தியிருக்கிறேன். "ஐயா இடது பக்கந்தான் உக்காருவாரு. துண்டு அங்கதான் கெடக்கும். நடுவுல யாரு உக்காந்தா?" என்று கேட்டார்.

உடலும் அடித்தளமும் ஒட்டப்பட்டுவிட்டன. பின் கண்ணாடி வழியாக மட்டுமே கை போக முடியும். கண்ணாடியை உடைக்காமல் கழற்றவும், துவாலையை இடப்பக்கம் நகர்த்தவும் வழி உண்டா?

சிற்றுளி (கும்பகோணம்)

கண்ணாடியை ஃபெவிகாலால்தான் ஒட்டினீர்கள் என்றால் கவலை வேண்டாம். வெதுவெதுப்பான நீரில் நனைத்துப் பிழிந்த பஞ்சுத் துணுக்கைக் கண்ணாடியின் ஓரம் முழுவதும் அரை மணி நேரம் படிய வையுங்கள். பசை மீண்டும் வெண்மையாகி இளகும். அப்போது மூலையில் ஊசியை நுழைத்து நெம்பினால் தாள் முழுதாக வந்துவிடும். துவாலையையும் அதே பசையால்தானே ஒட்டினீர்கள்? அதையும் நனைத்து எடுத்துவிடலாம், ஆனால் பழையது கிழிந்துபோகும். புதிதாக ஒன்று செய்துகொள்ளுங்கள், இம்முறை அகலத்தைப் பாதியாக மடித்து.

கோவைப் பட்டறை (கோயம்புத்தூர்)

மழை நின்ற பிறகு செய்யுங்கள், தம்பி. ஈரத்தில் ஃபெவிகால் காய நாளாகும். அதுவரை கார் அப்பாவின் மேசையிலேயே இருக்கட்டும்.